எது முதலில்

வைகாசி. சிரசுத் திருவிழாவுக்கு ஒன்பது நாள்.
பேனர்கள் எல்லாம் உள்ளே,
பெட்டி திறக்கவில்லை.
கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு
விட்டு விட்டுத் துடிக்கிறது.

பதினேழு தடவை அணைத்துப் போட்டேன்.
பக்கவாட்டில் ஒரு தட்டும் தட்டினேன்.
கூரியர் பையன் சொன்னான்,
"பார்மட் அடிச்சிடுக்கா, புதுசு மாதிரி ஓடும்."
ஓடும்தான்.
வீட்டைக் காலி செய்துவிட்டால்
பெருக்குவது சுலபம்.

சம்பங்கி வந்தான். குடியாத்தம் வெயிலை
ஹெல்மெட்டோடு கழற்றி மேசையில் வைத்தான்.
"இன்னாக்கா, எத்தினி வாட்டி ஆன் பண்ணே?"
மூணு, என்றேன்.
பெட்டியின்மேல் காதை வைத்தான்.
"கிட்டு கிட்டுன்னுது பாரு.
இனிமே தொடாதே."

ஆனாலும் சின்னதைத்தான் முதலில் சந்தேகப்பட்டான்.
என் மகளின் ரப்பரை வாங்கி
மெமரித் தகட்டின் பொன்னிறப் பற்களைத் தேய்த்தான்.
ரப்பர் கறுத்தது, வேறொன்றும் நடக்கவில்லை.
பிறகு திருகுகள் ஒவ்வொன்றாய்
என் இட்லித் தட்டின் குழிகளுக்கு வந்தன.
உள்ளே ஏழு வருடத் தூசி,
நான் தேடி ஓய்ந்த ஒரு ஸ்டேப்ளர் முள்.
டிஸ்க்கை உருவி ஒரு டப்பாவில் செருகி
தன் லேப்டாப்பில் கோத்தான்.
ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.
அப்புறம்
மஞ்சள் மஞ்சளாய் என் கோப்புறைகள்.

"உயிர் கீது. எவ்ளோ நேரம்னு தெரியாது.
கேட்டத ஒண்ணொண்ணாத்தான் குடுக்கும்.
எது மொதல்ல?"

எது முதலில்.
முந்நூறு கல்யாணம், அதில் பாதிக்குக் காதுகுத்தும்.
லுங்கிக் கம்பெனி லேபிள்.
முகத்தை மட்டும் மாற்றினால்
எந்தக் கட்சிக்கும் பொருந்தும் வாழ்த்துப் பேனர்.
பாக்கிக் கணக்கு, இருபத்தொன்பதாயிரத்து நானூறு.
சிரசு பேனர் வராவிட்டால்
முன்பணத்தைத் திருப்ப வேண்டும்,
அது ஏற்கெனவே பள்ளிக்கூட ஃபீஸ்.

"கண்ணீர் அஞ்சலி" என்றேன்.
சம்பங்கி திரும்பிப் பார்த்தான்.

அதற்குள் கன்னியப்பன் இருக்கிறார்.
பரதராமி செக்போஸ்ட் தாண்டி
லாரி மேலிருந்து விழுந்தவர்.
யார் வீட்டுக் கல்யாணத்திலோ
பந்தியில் குனிந்த முகம், கட்டைவிரல் அளவு,
வேறு படமில்லை.
முகத்தை நிமிர்த்தினேன்.
மீசையில் ஒட்டிய பருக்கையை எடுத்தேன்.
உயிரோடு உள்ள ஒரு கவுன்சிலரின் ஃபைலைத் திறந்து
அவர் வெள்ளைச் சட்டையைக் கழற்றி
இவருக்கு மாட்டினேன். இரண்டு ராத்திரி.
அந்தக் கல்யாண ஆல்பத்தையும்
கவுண்டன்யா வெள்ளம் கொண்டுபோனது.
ஆடிக்கு ஆடி தேசம்மா வருவாள்,
ஒரு ஏ-ஃபோர் வாங்கிப் போவாள்.

பச்சைப் பட்டை ஊர்ந்தது.
அறுபத்திரண்டில் நின்றது.
சம்பங்கி விசிறியை எங்களிடமிருந்து பிடுங்கி
டிஸ்க்குக்குத் திருப்பினான்.
வேர்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.
ஜெராக்ஸுக்கு வந்தவர்
எங்கள் முகத்தைப் பார்த்துத்
துக்க வீடு என்று நினைத்திருப்பார், போய்விட்டார்.
அறுபத்து மூன்று.

கன்னியப்பன் வந்தார், சட்டையோடு.
ராத்திரிக்குள் பேனர்களும் வந்தன.
பாக்கிக் கணக்கு பாதியில் அறுந்தது;
'ம'வுக்குப் பிறகு
இந்த ஊரில் எனக்குக் கடன்பட்டவர் யாருமில்லை.
பதினோரு ஃபைல் வரவேயில்லை.
பெயர் கிடையாது, எண்கள்தான்.
எதைத் தொலைத்தேன் என்று தெரியாததால்
எதை நினைத்து வருந்துவதென்றும் தெரியவில்லை.

ஐந்நூறு வாங்கிக்கொண்டு கிளம்பும்போது
"நெசமா எத்தினி வாட்டிக்கா?"
பதினேழு.
"அதானே" என்று வண்டியை உதைத்தான்.

ஆடியில் தேசம்மா வந்தாள்.
புது டிஸ்க்கிலிருந்து எடுத்த ஏ-ஃபோரை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
காலரில் விரல் வைத்துச் சொன்னாள்:
"இந்தச் சட்ட இன்னும் வூட்ல கீதும்மா.
யாருக்கும் குடுக்கல."