இரண்டரை கிலோ

ஈயத்துக்கு ஞாபகம் கிடையாது.
எனக்குத்தான் உண்டு, அதுவும் தப்பாக:
போன வாரம் செம்பவாங்கில் கப்பலடி சுரண்டிய
எட்டுக் கிலோ பெல்ட்டை
அப்படியே இடுப்பில் இறுக்கிக்கொண்டு
கிராஞ்சி நீர்த்தேக்கத்தில் குதித்தேன்.

கல் எப்படிப் போகுமோ அப்படி.
காதடைப்பை எடுத்துவிடுவதற்குள்
முழங்கால் சேற்றில்.
ஐம்பது வருஷத்துச் சேறு எழுந்து வந்து
கண்ணாடியில் அப்பிக்கொண்டது.
டார்ச் வெளிச்சமே கோப்பி ஓ நிறம்.
பதறி, ஜாக்கெட்டில் காற்றை அமுக்க,
தக்கை மாதிரி மேலே வந்து விழுந்தேன்.

ஹைருல் படகில் கடலை உரித்துக்கொண்டிருந்தான்.
"இது கடல் இல்ல லா, வந்தி.
உப்பு எங்கே?"

உப்பு, அணைக்கு அந்தப் பக்கம்.
நடுவில் ஒரு சாலை,
தூண்டில்காரர்கள் நாலு பேர்,
முதலை எச்சரிக்கைப் பலகை ஒன்று.
அவ்வளவுதான்.
அந்தப் பக்கத்து நீர்
ஆயிரம் லிட்டருக்கு இருபத்தைந்து கிலோ
கூடுதல் கனம்.
நான், என் உடுப்பு, என் சிலிண்டர்
மூன்றும் அடைக்கும் இடம் நூறு லிட்டர்.
தொடக்கநிலை ஆறுக்கான கணக்கு.
இரண்டரை.

இதில் தத்துவம் தேட வேண்டாம்.
பாரத்தை இறக்கி வை என்று யாராவது சொன்னால்
எத்தனை கிலோ என்று கேட்கிறவள் நான்.

இரண்டு முழுக்கட்டி, ஓர் அரைக்கட்டி.
கழற்றினேன்.
பூன் ஹெங் ஒரு பழைய சிலிண்டரை நீட்டினான்,
உள்ளே ஐம்பது பார் மட்டும்.
நிறைந்த சிலிண்டரில் எடை பார்ப்பது
சம்பள நாளில் செலவுக் கணக்குப் பார்ப்பது மாதிரி;
அலுமினியம், காற்றுத் தீரத் தீர
மிதக்க ஆசைப்படும்.

மூச்சைப் பாதி பிடித்து நின்றேன்.
நீர்மட்டம் கண்ணுக்கு நேராக:
மேல்பாதியில் பாண்டான் புதர்,
கீழ்ப்பாதியில் பழுப்பு.
மூச்சை விட்டேன்.
புருவம், நெற்றி, உச்சி.
பழைய புளோக்கின் லிஃப்ட்
அடுத்த மாடிக்கு இறங்குகிற நிதானம்.
ஹைருல் கட்டைவிரலையும் ஆட்காட்டியையும்
வட்டமாக்கிக் காட்டினான்.

இரண்டாம் முறை, நிறைந்த சிலிண்டர்.
ஆரம்பத்தில் இரண்டு கிலோ அதிகம்தான்.
அது கடன்.
மூச்சு மூச்சாக அடைத்துக்கொண்டே இறங்கலாம்.

சூரியத் தகடுகளுக்கு நங்கூரம் போட இடம் தேடியவர்கள்
திரையில் கண்ட நிழலுக்கு அருகே வந்தேன்.
தொங்காங்.
சரக்கேற்றிய மரப்படகு.
தளத்துக்கு ஒரு முழம் மேலே மிதந்தேன்;
சேறு என்னைக் கவனிக்கவில்லை.
சரக்கறை வாயிலிலிருந்து ஒரு மீன்
வாடகை கேட்க வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தது.
கயிறில்லாமல் உள்ளே போகக் கூடாது.
போகவில்லை.

பக்கப்பலகையைத் தடவியபோது
கையுறையில் சொரசொரவென்று ஏதோ.
கொட்டலசு.
ஓடு ஓடாக, வாய் திறந்தபடி.
கடலில் அல்லவா ஒட்டும் இது?

ஒரு நிமிஷம் ஆனது எனக்கு.

மூழ்கியபோது இது கழிமுகம்.
அணை வந்தது எழுபத்தைந்தில்.
ஓர் அங்குலமும் நகராமல்
கடலைவிட்டு வெளியேறிய படகு.
உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிப்போக
நூற்றுக்கு இரண்டரை கனத்திருக்கும் இதுவும்.
இதன் இடுப்பிலிருந்து யாரும் எதையும் கழற்றவில்லை.
அந்த அளவுக்கு
இன்னும் கொஞ்சம் புதைந்திருக்கும்.

நாடா பிடித்து அளந்தேன். படமெடுத்தேன்.
ஐம்பது பாரில் ஏறி
மூன்று மீட்டரில் நின்றேன்.
காலை ஆட்டவில்லை, காற்றைத் தொடவில்லை.
நின்றேன்.

மேலே வந்ததும் உதட்டை நக்கிப் பார்த்தேன், பழக்கதோஷம்.
ரப்பர் ருசி.

பதிவேட்டில்:
நீளம் பதினாலு மீட்டர். மரம்.
நங்கூரத்துக்கு உகந்த இடமல்ல.
எடை ஐந்தரை.

பைக்குள் கழற்றிய கட்டிகள் மேல்
மார்க்கரில் எனக்கு நானே:
செவ்வாய், செம்பவாங்.
திரும்பப் போடு.