பதிமூன்று

நீளமாய் ஒரு முறை.
குட்டையாய் மூன்று முறை.
கொஞ்சம் இருட்டு.
மறுபடி, நீளமாய் ஒரு முறை.

நாலு மாதமாய் இந்த மஞ்சள் விளக்கோடுதான் என் பேச்சுவார்த்தை.
ஓசூர் சர்வீஸ் சென்டரில் அதைப் பதிமூன்று என்று படித்தார்கள்.
சென்சார் மாற்றினார்கள், இரண்டாயிரத்து எண்ணூறு.
பிளக் மாற்றினார்கள்.
இன்ஜெக்டரைக் கழற்றி மருந்தில் ஊறவைத்துக் கழுவினார்கள்.
பில் அடித்த பிரிண்டர்
என் வண்டியைவிடச் சீராக ஓடியது.

ஓடும்போது ஒன்றும் தெரியாது.
நின்றால்தான் நோய்.
டோல்கேட்டில், ரயில்வே கேட்டில்,
மாங்காய் லாரி திரும்பக் காத்திருக்கும் முக்கில்
முள் ஏறும், இறங்கும், ஏறும்.
தூக்கத்தில் யாரோடோ சண்டை போடுகிறவன் மாதிரி
ஒரு குலுக்குக் குலுக்கி அணையும்.
பின்னால் ஹாரன்.
வித்துத் தொலை என்றான் தம்பி.

அந்த ஞாயிறு அஞ்செட்டி போவதாக இருந்தோம்.
ராயக்கோட்டையில், தக்காளி மண்டிக்கு எதிரே,
நாலு டீ சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள்
மூன்று தரம் அணைந்தது.

"சாவிய மட்டும் போடு. ஸ்டார்ட் பண்ணாத."
வேடியப்பன், கிரானைட் குவாரியில் கம்ப்ரஸர் ஓட்டுகிறவன்,
டேங்கில் காது வைத்தான்.
உள்ளே பம்ப் இரண்டு நொடி முனகி நின்றது.
"பெட்ரோல் வருது. நெருப்பும் இருக்குது.
சென்சார் பொய் சொல்லலப்பா,
பாத்ததத்தான் சொல்லுது.
காத்துதான் எங்கயோ கணக்குல வராம நுழையுது."

ஓஸில் ஓட்டை எங்கே என்று
சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவானாம் குவாரியில்.
இங்கே சத்தத்துக்கா பஞ்சம்?
ஏலக்காரர், பெட்டி அடுக்குகிறவர்கள்,
பின்வாங்கிக்கொண்டே பாடும் ஒரு மினி லாரி.
திம்மராயன் மண்டிக்குள் போய்த் தெலுங்கில் என்ன சொன்னானோ,
பாட்டு நின்றது.

டேங்கின் பின்பக்கத்தை உயர்த்தி
உடைந்த தக்காளிப் பெட்டியின் கட்டையை முட்டுக் கொடுத்தோம்.
வேடியப்பன் அணையவிடாமல் ஆக்ஸிலேட்டரைப் பிடித்துக்கொள்ள,
போன் வெளிச்சம் பிடித்தேன் நான்.
என் வண்டியில் எனக்குக் கிடைத்த வேலை அவ்வளவுதான்.

கௌசர் கையுறையைக் கழற்றினாள்.
கிருஷ்ணகிரி ரத்த வங்கியில் ஊசி போடுகிற கை.
நரம்பு தேடுகிற அதே நிதானத்தில்
த்ராட்டில் பாடியின் அடிவயிற்றைத் தடவிக்கொண்டே போனது.

"இங்க. என் விரல இழுக்குது."

சின்னதாய் ஒரு பித்தளை மூக்கு.
அதன் ரப்பர் தொப்பி வெயிலில் வெடித்துப்
பாதி உதிர்ந்திருந்தது. மிளகளவு வாய்.
ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்துவதுபோல
கட்டைவிரலால் அழுத்தினாள்.
வேடியப்பன் கையை விட்டான்.

முள் இறங்கி
ஆயிரத்து நானூறில் நின்றது.
நின்றே இருந்தது.

டீ ஆறிக்கொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை.
"இப்படியே அஞ்செட்டி வரைக்கும் வரேன்" என்றாள் கௌசர்,
விரலை எடுக்காமல்.

சைக்கிள் கடையில் ஒரு முழம் வால்வு டியூப், பத்து ரூபாய்.
ஓர் அங்குலம் வெட்டி, முனையை மடக்கி,
பெட்டி கட்டும் கம்பியால் இறுக்கினோம்.
மிச்சத்தைத் திம்மராயன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்,
யாருக்காவது ஆகும் என்று.

காட்டுச் சாலையில், யானை கடக்கும் இடம் என்ற போர்டு அருகே
வேண்டுமென்றே நிறுத்தினேன், என்ஜினை அணைக்காமல்.
முன்னால் போன மூவரும் பயந்து திரும்பி வந்தார்கள்.
ஒன்றுமில்லை என்றேன்.
ஒன்றுமில்லாததைக் கொஞ்ச நேரம் நாலு பேரும் கேட்டோம்.

கம்பெனித் தொப்பி பிறகு கூரியரில் வந்தது.
நாற்பத்திரண்டு ரூபாய். இன்னும் பிரிக்கவில்லை.

திங்கட்கிழமை கௌசர் போன் செய்தாள்.
எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லையாம்.
ரத்தம் கொடுக்க வந்த லாரி டிரைவர்
ஊசியைப் பார்க்கப் பயந்து அவள் நகத்தையே பார்த்திருக்கிறார்.
பிறகு கேட்டாராம்:
"என்னா வண்டிம்மா, மிஸ்ஸிங்கா?"