எல் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே

ஷென்செனில் ஏறி, சிங்கப்பூரில் ஒன்பது நாள் படுத்து,
சென்னைச் சுங்கத்தில் ஆயிரத்து நூற்றிருபது கட்டி எழுந்து
மேலப்பாளையம் வந்து சேர்ந்தது முதுகெலும்பு.
பெட்டியின் ஒரு மூலை
சப்பிப் போட்ட மாங்கொட்டை.

கொம்பையா கையெழுத்து வாங்காமல் நின்றார்.
"பிரிச்சுப் பாத்திருங்க டாக்டரம்மா."
டாக்டர் இல்லை, பிசியோதெரபி என்று
மூன்று வருசமாக அவரிடம் சொல்லிவருகிறேன்.

கழுத்து ஏழும் சரி, மார்புப் பன்னிரண்டும் சரி.
இடுப்பில் மூன்றாவதும் நான்காவதும்
சீர் விஷயத்தில் முறுக்கிக்கொண்ட சம்பந்திகளாக
ஆளுக்கொரு பக்கம்.
நடுவில் இருந்திருக்க வேண்டிய சிவப்பு ரப்பர் வட்டை
தெர்மாகோல் தூளுக்குள் துழாவி எடுத்தேன்.

நாலாயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய்.
அன்றிரவே ஆறு போட்டோ அனுப்பினேன்.
எமி என்றொரு பெயர் பதில் போட்டது:
'அன்பு நண்பரே, உங்கள் வருத்தம் எங்கள் வருத்தம்.
பத்து சதவீதம் தருகிறோம். ஐந்து நட்சத்திரம் தாருங்கள்.'
பத்து சதவீதத்துக்கு
இரண்டரை எலும்புதான் வரும்.
டவுன் ரதவீதியில் ஒரு பித்தளைக் குடத்துக்கு
கால்மணி நேரம் நின்று பேசியவள் நான்.
இருபது என்றது எமி. முப்பத்தைந்து என்றது.
பிறகு ஒரு படிவம் வந்தது.

சேதம் எங்கே நேர்ந்தது?
தொழிற்சாலையிலா, வழியிலா, கொண்டுவந்து தந்தவராலா?
மூன்று வட்டம். ஒன்றைத்தான் தொட முடியும்.

மறுநாள் வேறு யாருக்கோ பார்சல் கொண்டுவந்தவர்
வாசலிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டார்.
"குறிச்சி முக்குல வண்டி குழியில விழுந்துட்டும்மா.
நடு முதுகுல ஒரு வெட்டு. பை சரிஞ்சுட்டு.
ஒங்க பெட்டிதானான்னு தெரியல,
நாப்பது கெடந்துச்சு."

குப்புறப் படுக்கச் சொல்லிக் கட்டைவிரலை இறக்கினேன்.
இங்கயா? இல்ல.
இங்க?
சத்தம் பீடிக் கம்பெனி வரை கேட்டிருக்கும்.
அதே மூணு. அதே நாலு.
கட்டணம் முந்நூறு, இருநூறு வாங்கிக்கொண்டேன்.

'வழியில்' என்ற வட்டத்தைத் தொட்டேன்.
வழிக்கு யாரும் சம்பளம் பிடிக்க முடியாது.

'அன்பு நண்பரே, முழுப் பணமும் தருகிறோம்.
திருப்பி அனுப்ப வேண்டாம்.
பொருளை இரண்டாக அறுத்து
முப்பது விநாடி வீடியோ அனுப்புங்கள்.'

பக்கத்து வெல்டிங் கடையில் ரம்பம் வாங்கி வந்துவிட்டேன்.
எங்கே வைப்பது?
கழுத்தில் வைத்தால் கொலை மாதிரி இருக்கிறது.
ஒத்தடம் போட்டுக் கிடந்த செய்யதலி பாத்திமா,
நாளுக்கு ஆயிரம் பீடி சுற்றுகிறவள்,
தலையைத் தூக்கிப் பார்த்தாள்.
"அந்த வாலு எலும்ப அறுங்க.
அது ஆருக்கும் ஒதவாது."
ரெண்டாகத்தான் கேட்டிருந்தார்கள்,
சரிபாதியாக என்று கேட்கவில்லை.

போனை அவளே பிடித்தாள்.
வீடியோவின் ஓரத்தில், முதல் ஏழு விநாடி,
புகையிலைக் கறை படிந்த ஒரு விரல்.
பின்னணியில் "மெதுவா, மெதுவா" என்ற குரல்,
அதற்கு வலிக்கும் என்பதுபோல.

பதினோராம் நாள் பணம் வந்தது.
நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு.
மீதியை டாலர் எங்கேயோ உதிர்த்திருந்தது.
சுங்கம் கட்டியது சுங்கத்தோடு போயிற்று.
சன்னல் கம்பியில் வாலில்லாமல் தொங்குகிறது,
மூணையும் நாலையும் பிளாஸ்திரி போட்டு ஒட்டி.

எமியின் பதில்கள் வந்த நேரத்தை அப்புறம்தான் கவனித்தேன்.
இங்கே ராத்திரி இரண்டு, இரண்டே கால்.
அங்கே விடியப்போகிற நேரம்.
எழுதினேன்:
எத்தனை மணி நேரம் நாற்காலியில் இருக்கிறீர்கள்,
இடுப்புக்குப் பின்னால் தலையணை ஏதும் உண்டா?

உடனே வந்தது.
'அன்பு நண்பரே,
ஐந்து நட்சத்திரம் மறக்க வேண்டாம்.'