சூடேறுமுன் துடைக்க வேண்டியது

முதலில் எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட வேண்டும்.
குழாய் இளஞ்சூடானால்தான்
உருகி ஒட்டிய பிளாஸ்டிக் பிடி தளரும்.
நீல நிறம். படங்குத் துண்டு.
கொழுந்து நிறுத்துவிட்டு யாரோ ஒருத்தி
இடுப்பில் கட்டியதை அவிழ்க்காமலே
பின்னால் ஏறி உட்கார்ந்து வந்திருக்கிறாள், நல்ல மழையில்.
மூங்கில் சிராயால் சுரண்டினேன்.
கத்தி வைத்தால் கோடு விழும்,
கோட்டை எடுக்க இன்னொரு ஞாயிறு போகும்.

ஹட்டனில் லீசிங் கம்பனி யாட்டில்
தகரத்துக்குக் கீழே நின்ற இருபத்தேழில் இது ஒன்று.
ஏலத்தில் கை தூக்கியவர்கள் மூன்று பேர்.
மற்ற இருவரும் டயரைப் பார்த்துக் கையை இறக்கினார்கள்.
நான் கரண்ட் மீட்டர் வாசிக்கிறவன்.
லயத்துக்கு லயம் ஏறி இறங்க எஞ்சின் இருந்தால் போதும்.
குழாய்தான்
விறகடுப்புக் கேத்தல் மாதிரி இருந்தது.

மண்ணெண்ணெய்த் துணி. சவர்க்காரத் தண்ணீர்.
பிறகு வோட்டர் பேப்பர்,
எண்ணூறு, ஆயிரத்து இருநூறு, இரண்டாயிரம்,
எல்லாம் நீளவாக்கில், குறுக்கே ஒரு இழுப்பும் இல்லாமல்.
பிறகு பனியன் கிழிசலில் பட்டாணியளவு பொலிஷ்.
கறுப்பாய் வந்துகொண்டே இருந்தது.
அது அழுக்கில்லை, இரும்பே கொஞ்சம் கொஞ்சமாய்க் கழன்று வருகிறது என்பது
மூன்றாவது துணியில்தான் பிடிபட்டது.
"சோத்துப் பானைய இப்பிடி ஒருநாளாவது தேச்சதுண்டா?"
வாசலில் நின்று கேட்டுவிட்டு
புனிதமலர் உள்ளே போனாள்.

பின்மிதிக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் செருப்பின் அடி,
ரப்பர் வரிகள் அப்படியே பதிந்து.
நாலு வயதோ ஐந்தோ.
அதையும் எடுத்துவிட்டேன்.

எஞ்சினோடு சேரும் வளைவில் மட்டும்
பொன்னிறம், தாண்டினால் கத்தரிப்பூ,
அதையும் தாண்டினால் மயில் கழுத்து.
தேசிக்காய்க்கும் வினாகிரிக்கும்
அது அசையவில்லை.

புதன்கிழமை நோர்வூட் கடைத்தெரு.
ஒன்றரை மணிநேரம் மீட்டர் பார்த்துவிட்டுத் திரும்பினால்
பைக்குக்குப் பக்கத்தில் ஒருவர் குந்தியிருந்தார்,
கையில் அரை றாத்தல் பாண், தோளில் நனைந்த சாக்கு.
நம்பர் தகட்டை அவர் பார்க்கவே இல்லை.
குழாயின் அடிவயிற்றில் விரல்விட்டு
நேராக அந்தப் பள்ளத்துக்குப் போனார்,
இருட்டில் சுவிட்சைத் தேடாமல் போடுகிறவர் போல.
நான் தேய்த்தபோது இரண்டாம் நாள்தான் கண்டுபிடித்த பள்ளம்.

"வினாகிரியா போட்டீங்க?"
"ஆமா."
"அந்த நீலம் போகாது. நான்..."
பாணை மற்றக் கைக்கு மாற்றினார்.
"போகாதுன்னுதான் சொல்லுவாங்க."

பைக் புத்தகத்தில் எனக்கு மேலே ஒரு பெயர் இருக்கிறது,
க. தவசீலன், கீழ்ப்பிரிவு.
கேட்கலாமென்று வாயெடுத்தேன்.
தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று வந்தது.
வேண்டாமென்றார், பிள்ளை பாணுக்குக் காத்திருக்கிறதாம்.
எழும்பும்போது பிடிமானத்துக்கு
அந்தப் பொன் வளைவில் உள்ளங்கையை ஊன்றினார்.
குழாய் ஆறியிருந்தது. அவருக்கும் தெரியும்.

பொலிஷ் போட்ட குழாயில் கை பட்டால்
ஸ்டார்ட் பண்ணுமுன் துடைத்துவிட வேண்டும்.
இல்லாவிட்டால் விரலின் எண்ணெய் சூட்டில் வெந்து
ரேகை ரேகையாய்ப் பழுப்பேறிவிடும்.
பிறகு எந்தப் பேப்பருக்கும் இலேசில் மசியாது.

துணி ஜேர்கின் பையிலேயே இருந்தது.
ஐந்து விரலும் தெளிவாக விழுந்திருந்தன,
சுண்டுவிரல் கொஞ்சம் விலகி.
மஸ்கெலியாப் பக்கம் மலையை மழை மூடிக்கொண்டு வந்தது.
இன்னும் நாற்பத்தொரு வீடு பாக்கி.

உதைத்தேன். இரண்டாவது உதையில் பிடித்தது.
பொகவந்தலாவைப் பாதையில் முதல் ஏற்றம் முடியுமுன்
குழாய் நன்றாகக் காய்ந்திருக்கும்.