பத்தில் பத்தாவது

டாக்ஸி ரேடியோவில் ஏழாவது இன்னிங்ஸ்.
பதினொன்றுக்கு இரண்டு.
பதினொன்று அவர்களுடையது, அதைச் சொல்லவும் வேண்டுமா?

குன்சான் துறைமுகத்து வளைவில்
சவாரிக்குக் காத்தபடி வானத்தைப் பார்க்கிறேன்.
இந்த மாதம் எங்கள் அணியின் சிறந்த பிட்சர்
மழைதான்.
ஆனால் ஐந்தாவது இன்னிங்ஸ் தாண்டிவிட்டால்
அவனாலும் ஆட்டத்தை ரத்து செய்ய முடியாது.
தோற்றது தோற்றதுதான்.

ஷார்ட்ஸ்டாப் மா தோகுனை எடுத்துக்கொள்ளுங்கள்.
பந்து தரையில் உருண்டு வந்தால்
கடன் கொடுத்தவன் எதிரே வருவதுபோல் ஒதுங்குகிறான்.

நான்காவதாக மட்டை பிடிக்கும் குக் சங்யோல்,
நான்கு வருடம், எண்ணூறு கோடி வோன்.
சிவப்பு சிக்னலில் நின்றபோது கணக்குப் போட்டேன்:
அவன் ஒருமுறை காற்றை அடித்தால்
என் ஒரு மாத வருமானம் போச்சு.
நல்ல காற்று. நன்றாகவே அடி வாங்குகிறது.

கேட்சர் பியோன் இன்சுவைப் பற்றி மட்டும்
என் வண்டியில் யாரும் வாய் திறக்கக் கூடாது.
முப்பத்தெட்டு வயது. முட்டி இரண்டும் தேய்ந்தாயிற்று.
உட்கார்ந்து எழும்போது அவன் முகம் போகிற போக்கை
பெரிய திரையில் பார்த்திருக்கிறேன்.
வாயை மூடிக்கொண்டு வாருங்கள், அல்லது இறங்கிக்கொள்ளுங்கள்.

எஸ்கலாந்தே பாவம்.
டொமினிகாவிலிருந்து கடல் தாண்டி வந்தான்.
ஏழு இன்னிங்ஸ் வீசி ஒரே ஒரு ரன் கொடுப்பான்,
தோல்வி அவன் பெயரில் ஏறும்.
கொரிய மொழியில் அவன் முதலில் கற்றுக்கொண்ட சொல்
'பரவாயில்லை'.
யார் கற்றுக்கொடுத்தது?
வேறு யார், நாங்கள்தான், பதினோராயிரம் பேர், ஒரே குரலில்.

பயிற்சியாளர் தொக்கோ
வெள்ளம் வடிந்த பிறகு அணை கட்டுகிறவர்.
மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது
கன்னத்தில் கை வைத்து யோசிப்பார்.
மூவரும் வீடு போய்ச் சேர்ந்ததும்
பிட்சரை மாற்ற எழுந்து நடப்பார்,
அதுவும் மெதுவாக, சாப்பிட்டபின் உலாவப் போகிறவர்போல.

அணியை வைத்திருக்கும் கம்பெனி
குளிர்பதனப் பெட்டி செய்கிறது.
அதனாலோ என்னவோ மே மாதமே நாங்கள் உறைந்துவிடுகிறோம்.
'மறுகட்டமைப்பு' என்கிறார்கள். இது ஐந்தாவது வருடம்.
அவர்கள் அதை ஆரம்பித்த அன்று
என் வீட்டெதிரே வெறும் பள்ளம் தோண்டினார்கள்.
இன்று அங்கே பதினெட்டு மாடி,
பால்கனியில் துணி காய்கிறது.

இடக்கைக்காரன் யொம் தேஉலை
சோலுக்கு விற்றார்கள்.
வந்தது ரொக்கமும், பெயர் நினைவில் நிற்காத ஒருவனும்.
போன வாரம் அவன் எங்களுக்கு எதிராக வீசினான்.
எட்டாவது ஆளை அவன் அவுட் ஆக்கியபோது
யாரோ கைதட்டினார்கள்.
சுற்றிலும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.
பிறகுதான் என் கைகளைப் பார்த்தேன்.

ஒரு பெண் ஏறுகிறாள். மீன் ஏலக்கூடத்துப் பூட்ஸ்.
"உல்மியோங் தெரு" என்கிறாள்.
பிறகு, "சத்தம் கூட்டுங்கள்."
எட்டாவது இன்னிங்ஸ், பதின்மூன்றுக்கு இரண்டு.
"தொக்கோவை எப்போது துரத்துவார்கள்?" என்கிறாள்.
"கம்பெனி நொடித்த பிறகு" என்கிறேன்.
இருவரும் சிரிக்கவில்லை.

அப்போது வர்ணனையாளர் கத்துகிறார்.
மா தோகுன் பாய்ந்துவிட்டானாம்,
வயிறு மண்ணில் தேய, இடப்பக்கம், முழு நீளத்துக்கு!
முழங்காலில் இருந்தபடியே எறிந்தானாம்.
அவுட்.
பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.
சிக்னல் எப்போதோ பச்சையாகியிருக்கிறது.
அவள் முன் சீட்டைப் பிடித்திருக்கிறாள்.
"இதையே போன செவ்வாயன்று செய்திருந்தால்" என்கிறாள்.
"முதல் இன்னிங்ஸில் செய்திருந்தால்" என்கிறேன்.
ஆனாலும் அவன் எப்படிப் பாய்ந்திருப்பான் என்று
இருவரும் கொஞ்சநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டே போகிறோம்,
கண்ணாடிக்கு அப்பால், வெறும் சாலையில்.

அவளை இறக்கிவிட்டுத் திரும்புகையில்
ஆட்டம் முடிந்தது. மழை ஆரம்பித்தது.
தொக்கோவிடம் பாடம் கேட்ட மழை.

நாளை எஸ்கலாந்தே வீசுகிறான்.
வண்டிக்கு லீவு. டிக்கெட் வாங்கியாயிற்று.
முதல் பேஸ் பக்கம், மூன்றாவது வரிசை.
திட்டினால் காதில் விழுகிற தூரம்.