நாலும் நாலும் நாலு

மழை இல்லாதவரை அறுபது ஃபிரேம்.
அந்த மலைப்பாதை விளையாட்டில் மழை இறங்கியதும்
முப்பத்தெட்டு, முப்பத்தொன்று;
வளைவில் என் கார்
தவணை முறையில் திரும்புகிறது.
ஒரு கார்டு போதாது என்று தோன்றுவது
எப்போதும் அந்த வளைவில்தான்.

வெருலத்தில் கிரிசன் மூட்லி ஒன்று விற்கிறான்.
என்னுடையதன் அச்சு. அதே வருடம், அதே இரட்டை விசிறி,
மூவாயிரத்து இருநூறு ராண்ட், பாலம் இலவசம்.
பாலம் என்றால் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கறுப்புப் பட்டை;
இரண்டு கார்டுகளின் தலையைச் சேர்த்துப் பிடிக்கும்.

ஞாயிறு காலை
இருபது இலக்க மின்சாரச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்கு.
பவர் சப்ளை அறுநூற்றைம்பது வாட், பத்தாது.
புதியதற்கு இன்னும் ஆயிரத்து அறுநூறு.
இரண்டு கார்டுக்கும் நடுவில் மிஞ்சுவது
ஒரு விரல் இடம். அந்த விரலுக்குள்
சாட்ஸ்வர்த்தின் பிப்ரவரி முழுவதும் அடங்க வேண்டும்.
நினைவகம் இதில் நாலு ஜிகா, அதில் நாலு ஜிகா.
சேர்த்தால் நாலு.
வனேஷ்ரீ எட்டிப் பார்த்தாள்.
"எந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கு இது?"

விளக்கினேன். ஒரே பாடத்தை இரண்டும்
தனித்தனியே மனப்பாடம் செய்துகொள்ளும்;
ஒரு ஃபிரேம் இது வரையும், அடுத்தது அது.
"அப்போ ரெண்டு பேரும் ஒரே மளிகைச் சீட்டை
எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போற மாதிரி."
ஆமாம். ஏறக்குறைய ஆமாம்.

எனக்குத் தெரிந்தது கிரேன்.
துறைமுகத்தில் பதினோரு வருடம்.
ஒருமுறை ஒரு மின்மாற்றியை
இரண்டு கிரேன் சேர்ந்து தூக்கினோம், நானும் சிபுசிசோவும்.
கீழே ஒருவன் ரேடியோவில் எண்ணிக்கொண்டே இருந்தான்.
சிபுசிசோ அரை நொடி பிந்தினால்
பாரம் முழுக்க என் கம்பியில்.
தூக்கிவிட்டோம். இறங்கி வந்தபோது
என் சட்டையைப் பிழியலாம்.
ஒன்றைவிட இரண்டு வேகமா என்று
அன்று யாரும் கேட்கவில்லை.

வெருலம் போனேன்.
கிரிசனின் பெட்டியில் ஒரு கார்டு ஓடிக்கொண்டிருந்தது,
இன்னொன்று மேசைமேல், செய்தித்தாள் விரித்து.
"ஏன் கழற்றினாய்?"
"பாதி விளையாட்டுக்கு ரெண்டாவது இருக்கறதே தெரியல, அண்ணே.
மீதியில எண் ஏறும், படம் விக்கும்."
"பிறகு எனக்கு ஏன் விற்கிறாய்?"
விசிறி இடுக்கைத் துணியால் துடைத்தான்.
"நீங்க இன்னும் பாக்கலையே."
இவ்வளவு நேர்மையான வியாபாரியை
பங்களாதேஷ் மார்க்கெட்டில்கூடக் கண்டதில்லை.
வாங்காமல் திரும்பினேன்.
நெடுஞ்சாலை நெடுக வாங்கிக்கொண்டே திரும்பினேன்.

எட்டு மணி. மின்வெட்டில் எங்கள் பகுதியின் முறை.
தெருவே ஒரு சொடுக்கில் போனது,
பாதி வளைவில் என் காரும்.
இரண்டு கார்டு இருந்திருந்தால்
இரண்டும் போயிருக்கும்.

வேறு வேலை இல்லாததால்
பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி
கைபேசி வெளிச்சத்தை உள்ளே விட்டேன்,
அந்த இரண்டாம் இடத்தை விரல் வைத்து அளக்க.
தூசி. ஓர் எறும்பு வரிசை, எங்கேயோ அவசரமாக.
காலித் துவாரத்துக்குக் கீழே, வெதுவெதுப்பில்,
பல்லி முட்டை. இரண்டு.
கொண்டைக்கடலை அளவு.

வனேஷ்ரீயைக் கூப்பிட்டேன்.
மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.
"குடித்தனம் வந்தாச்சே" என்றாள்.

கிரிசனுக்குத் தட்டினேன்: இரண்டு மாதம் வைத்திரு.
கைபேசிக் கோபுரமும் செத்திருந்தது; செய்தி போகவில்லை.
நான் அழிக்கவும் இல்லை.

பத்தரைக்கு விளக்கு வந்தது.
கதவைத் திருகாமல் சாய்த்து வைத்துவிட்டு
மறுபடி அந்த மலை, அந்த மழை.
முப்பத்தொன்று.
பிரேக்கைக் கொஞ்சம் முன்னாலேயே தொட்டேன்.