பதினைந்து கடல்மைல்

இங்கே கடல் இல்லையே என்பார்கள்.
தெரியும்.
நானும் ஏரிக்கரையில்தான் நிற்கிறேன்,
ஜெனீவாவில், சனிக்கிழமை,
பீஸ் என்று இவர்கள் பெயர் வைத்த வடகாற்று
படிவங்களைப் பிடுங்கிக்கொண்டு ஓடப் பார்க்க,
நாலு மூலைக்கும் நாலு கல் வைத்து.

கடல் இல்லை. கப்பல் இருக்கிறது.
அதோ, பாலத்துக்கு அந்தப் பக்கம்,
மூன்றாம் மாடியில்,
உப்புக்காற்றே படாத மேசைகளிலிருந்து
ஓட்டப்படும் கப்பல்கள்
தேவேந்திரமுனையைச் சுற்றிப் போகின்றன.
அங்கே நீலத் திமிங்கிலம் மூச்சுவாங்க மேலே வரும்.
அது வருகிற நேரமும் கப்பல் போகிற நேரமும்
பொருந்திவிடுகிற நாளில்
கப்பலில் இருப்பவருக்கு
ஒரு சின்னக் குலுக்கல்கூடத் தெரியாது.

நாங்கள் கேட்பது அதிகமில்லை.
பதினைந்து கடல்மைல் தெற்கே தள்ளிப் போங்கள்.
அவ்வளவுதான்.

ஜப்பான்காரரிடம் போய்ச் சொல் என்கிறார் ஒருவர்.
ஒரு மூதாட்டி ஐந்து பிராங்க் தருகிறாள்,
பெயர் மட்டும் தரமாட்டாளாம்.
ஒடில், ட்ராம் ஓட்டி ஓய்வுபெற்றவள்,
கிழிந்த கூடாரத் துணியில் ஒரு வால் தைத்திருக்கிறாள்.
காற்றடித்தால் எழும்பும். குழந்தைகள் அதற்காகத்தான் வருகிறார்கள்.
ஓடுகிற ஒன்று நிற்க எவ்வளவு தூரம் வேண்டுமென்று
அவளுக்குத் தெரியும்.
மணியடித்தால் மனிதர் விலகுவார்,
அதற்கு மணியடிக்க யார் என்று
போவோர் வருவோரை மறித்துக் கேட்பாள்.

திமியை விழுங்குவது திமிங்கிலம்.
அதையும் விழுங்க ஒன்று உண்டென்று
திமிங்கிலகிலம் என்றொரு சொல் செய்துவைத்தார்கள்.
நாக்குச் சுளுக்குமென்று பள்ளியில் சிரித்திருக்கிறேன்.
இப்போது அதன் நீளம் தெரியும்: நானூறு மீட்டர்.
கொடியும் பதிவெண்ணும் உண்டு.

மூன்று மணிபோல ஒருவர் வந்தார்.
கையில் மீன்கடைப் பை.
பதாகையின் பிரெஞ்சை எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தார்.
"தங்கச்சி, எங்கட சனத்துக்கு ஆரும் கையெழுத்து வைக்கேல்ல.
நீர் மீனுக்கு நிக்கிறீர்."

மீனில்லை அண்ணை, பாலூட்டி என்று
சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.
மேசையைத் தொட்டுக் காட்டினேன்.
ஒரு கால் கட்டை; கீழே மடித்த அட்டை.
இரண்டாயிரத்து ஒன்பதில், ஐ.நா. வாசலில்,
இதே மேசை. அட்டைதான் வேறு.
அன்றைக்கும் நான்தான் சுமந்து வந்தேன்.
அந்தப் படிவங்கள் எங்கே போயினவென்று
இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

அவர் கொஞ்சநேரம் ஏரியைப் பார்த்தார்.
பிறகு கேட்டார்:
"அடிபட்டால் அது கத்துமோ?"

தெரியாது என்றேன்.
கூப்பிடுமாம், நம் காதுக்கு எட்டாத அடித்தொண்டையில்.
இன்னொரு திமிங்கிலத்துக்கு வெகுதொலைவிலும் கேட்குமாம்.

பையைக் கீழே வைத்தார்.
தமிழில் எழுதினார், தகப்பன் பெயரையும் முழுதாக,
தன் பெட்டியைத் தாண்டி அடுத்த பெட்டிக்குள்ளும்.
முகவரி என்ற இடத்தில் பேனை நின்றது.
பிறகு இந்த ஊரையே எழுதினார்.
இது செல்லுமா என்றாள் ஒடில்.
செல்லும் என்றேன்.
பெயருக்குப் பதில் மீன் வரைந்த சிறுமியினுடையதும் செல்லும் என்றேன்,
அதை அவள் அடிக்கப்போன நேரம் பார்த்து.

இருநூற்றுப் பதினொன்று.
நனைந்துபோன இரண்டைத் தவிர்த்து.

திங்கள் இரவு எனக்கு வேலை மூன்றாம் மாடியில்.
ஆம், அதே மாடி.
குப்பைக்கூடை, கோப்பைகளின் வட்டக் கறை, கடைசியாகச் சுவர்.
சுவர் முழுக்க உலகம், கண்ணாடிக்கு உள்ளே.
கப்பல் கோடுகளும் உள்ளே,
துணிக்கு அகப்படாமல்.
முனைக்குக் கீழே விரல் வைத்து
பதினைந்து கடல்மைல் அளந்து பார்த்தேன்.
நகத்தின் தடிப்புக்கூட இல்லை.

விரல் எடுத்த இடத்தில்
கடல்மேல் ஒரு ரேகை.
துடைக்கத்தான் சம்பளம்.
வாளியைத் தூக்கிக்கொண்டு விளக்கை அணைத்தேன்.
செவ்வாய்க்கிழமை என் முறை இல்லை.